பழி காயில் மேல... குற்றம் உப்பு மேல! ஏர்வாடியில் கார் மக்கர் பண்ணினால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலை. ஏர்வாடி தர்காவைச் சுற்றி வியாழன் இரவு நிரம்பியிருந்த கூட்டம் மெல்லக் கலைகிறது. மணல் படிந்த காலி இடங்களில் விடிய விடிய நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. தமிழ்நாட்டுப் பதிவெண்களுக்கு நடுவே கேரளா, கர்நாடகா வண்டிகளும் உண்டு.

இந்தக் கூட்டத்தில் ஒரு பழைய ஆம்னி வேன் மட்டும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். செல்ஃப் அடிக்கிறது. இன்ஜின் சுற்றுகிறது. ஆனால், பிடிக்கவில்லை. உள்ளே மனநலம் பாதிக்கப்பட்ட தம்பியோடு அம்மா உட்கார்ந்திருக்கிறார். மதிய மாத்திரைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதற்குள் வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். “பேட்டரி வீக்குண்ணே” என்பார் ஒருவர். “பிளக்க மாத்துங்க” என்பார் இன்னொருவர். “காயில் போச்சு பாய், ராம்நாடு போனாத்தான் கிடைக்கும்” என்பார் மூன்றாமவர். நாலாமவர் எதுவும் சொல்லாமல் வண்டியைத் தள்ளத் தொடங்குவார்.

நாலு பேரும் உதவத்தான் வந்தார்கள். ஆனால், யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. “ராத்திரி வண்டி எங்கே நின்றது?”

ஏர்வாடியில் பாதி விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது!

எந்த ஏர்வாடி?

முதலில் ஒரு பயணக் குறிப்பு. தமிழ்நாட்டில் இரண்டு ஏர்வாடிகள் பிரபலம். ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூர் பக்கம் இருக்கிறது. நாம் பேசுவது ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஏர்வாடி. மொபைல் மேப்பில் வெறும் ‘ஏர்வாடி’ என்று தேடாமல், ‘ஏர்வாடி தர்கா’ என்று தேடினால் வழி தப்பாது.

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 17 கி.மீ வந்தால் கீழக்கரை. அங்கிருந்து சுமார் 10 கி.மீ தாண்டினால் ஏர்வாடி. வழியெங்கும் பனை, உடைமரம், சீமைக்கருவேலம். இடதுபுறம் கொஞ்ச தூரத்திலேயே மன்னார் வளைகுடா. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இந்தக் கடலில்தான் இருக்கிறது.

மதீனாவிலிருந்து வந்தவராகப் போற்றப்படும் குத்புஸ் சுல்தான் சையது இபுராஹிம் ஷஹீது பாதுஷா நாயகம் இங்கே அடங்கியிருக்கிறார். மதம் பார்க்காமல் மக்கள் வருகிறார்கள். இஸ்லாமிய மாதமான துல்கஃதாவில் நடக்கும் சந்தனக்கூடு விழாவின்போது வண்டிகளுக்கு நிற்க இடம் கிடைக்காது. ஹிஜ்ரி நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால், விழா ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக வரும். கிளம்பும் முன் தேதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏர்வாடியைத் தாண்டி மேற்கே போனால் வாலிநோக்கம். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் அங்கேதான். கண்ணுக்கெட்டும் தூரம் வரை பாத்திகளும், வெள்ளை மலைகளாய்க் குவித்த உப்பும் தெரியும். அந்தக் காட்சியை போட்டோ எடுக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு பாத்தியில் மட்டும் இல்லை. காற்றிலும் இருக்கிறது!

பாலத்தையே தின்ற காற்று

இந்தக் கடற்கரைக் காற்றின் பலத்தை அறிய, பாம்பனைப் பார்த்தால் போதும். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதற்குப் பதிலாக எழுந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. துருவை எதிர்க்கும் விசேஷப் பெயின்ட்டும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் இந்தப் பாலத்துக்குத் தேவைப்பட்டன.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து உருவான நிறுவனம் அது. 1953-ல் திறக்கப்பட்டது. உலோகங்களைக் கடற்காற்று எப்படி அரிக்கிறது என்று பார்க்க இந்த நிறுவனம் ஆய்வு மையம் அமைத்த இடம், மண்டபம். உலோகத் தகடுகளை அங்கே கடற்காற்றில் காய வைத்து, எத்தனை நாளில் எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள்.

அரிப்பைப் படிக்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த அதே கடற்கரையில்தான், நாம் பானெட் முழுக்க வயர்கள் உள்ள காரை இரவெல்லாம் நிறுத்துகிறோம்.

காலையில் மக்கர், மதியம் சரி!

சமையலறை உப்பு ஜாடியை யோசித்துப் பாருங்கள். மழை நாளில் உப்பு கசிகிறது அல்லவா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும்.

பகலில் கடற்காற்று கொண்டுவரும் உப்புத்தூள் வண்டியின் வயர், பிளக், டெர்மினல் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. இரவில் ஈரப்பதம் ஏறியதும் அது உப்புத் தண்ணீர்ப் படலமாக மாறுகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட், பாதி வழியில் இந்தப் படலத்தின் வழியே கசிந்துவிடும். வெயில் ஏறிப் படலம் காய்ந்ததும் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

இதைத் தெரியாதவர்கள் காலை எட்டு மணிக்கு காயில் வாங்க ஆள் அனுப்புவார்கள். பதினொரு மணிக்கு புது காயிலை மாட்டியதும் வண்டி கிளம்பும். “பார்த்தீங்களா, காயில்தான் கோளாறு” என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். உண்மையில் வண்டியைக் கிளப்பியது வெயில்! அடுத்த முறை கடற்கரையில் இரவு நின்றால் கதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பாகம் கெட்டுப்போவது வேறு. பாகத்துக்குப் போகும் வழி கெட்டுப்போவது வேறு. இந்தக் கடற்கரையில் பல நேரங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது.

டெல்கோவும் காயிலும் என்ன செய்கின்றன?

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைப்பது ஒரு சின்ன மின்பொறி. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். ஆனால், பிளக்கின் முனையில் சுமார் 0.7 முதல் 1.1 மி.மீ வரை இருக்கும் இடைவெளியைக் கரண்ட் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றித் தருவது காயிலின் வேலை.

அந்தக் கரண்டை எந்த சிலிண்டருக்கு, எப்போது அனுப்புவது என்று பங்கிட்டுத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர். நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் இதை ‘டெல்கோ’ என்பார்கள். பேட்டரியிலிருந்து இயங்கும் இக்னிஷனை அமெரிக்காவில் பரவலாக்கிய சார்லஸ் கெட்டரிங், 1909-ல் கூட்டாளியோடு தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. அமெரிக்க கம்பெனிப் பெயர் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் ஒரு பாகத்தின் பெயராகவே தங்கிவிட்டது.

இப்போதைய கார்களில் டெல்கோ இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கு மேலும் ஒரு தனி காயில் உட்கார்ந்திருக்கும். எப்போது பொறி விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கிராங்க் சென்சார் என்ற ஒரு சின்னப் பாகம், இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அதற்குச் சொல்லும்.

ஒரு முக்கியமான விஷயம். டீசல் வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, இந்த காயிலும் இல்லை. தர்காவுக்கு வரும் பல வேன்கள் டீசல்தான். அதனால் நல்ல மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, “பெட்ரோலா, டீசலா?”

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

மெக்கானிக் வரும் முன்னே நீங்களே கவனிக்கக்கூடியவை நிறைய உண்டு. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காதும் கண்ணும் போதும்.

*சத்தமே இல்லை:* ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ, அதன் டெர்மினலோதான் பிரச்னை. வெளிச்சம் அப்படியே பிரகாசமாக இருந்தும் செல்ஃப் அடிக்கவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். சில கார்களில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் அடிக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ‘பார்க்’கில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*டக் டக் டக்:* வேகமாகத் தட்டும் சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் போதவில்லை, அல்லது டெர்மினலில் களிம்பு ஏறியிருக்கிறது. வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

*செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை:* இங்கேதான் பிளக், காயில், டெல்கோ, கிராங்க் சென்சார் எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். கூடவே பெட்ரோல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் கார்களில் சாவியை ‘ஆன்’ செய்ததும் பின்பக்கம் இரண்டு விநாடி ‘ஊம்’ என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

*ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கிறது:* டேஷ்போர்டில் சாவி படமோ, பூட்டுப் படமோ மின்னுகிறதா? சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். இதற்காகத்தான் தூரப் பயணத்தில் இரண்டு சாவியும் கையில் இருக்க வேண்டும்.

எப்போது நிற்கிறது?

சத்தத்துக்கு அடுத்தது நேரம். வண்டி எப்போது மக்கர் பண்ணுகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

காலை ஈரத்தில் மிஸ்ஸிங் அடித்து, வெயிலில் சரியானால் ஈரக் கசிவின் மேல்தான் முதல் சந்தேகம். பிளக் வயர், டெல்கோ மூடி, காயில் பூட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. காலையில் ஜோராகக் கிளம்பி, ஒரு மணி நேரம் ஓடியதும் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். இது சூட்டில் அறுந்துபோகும் நோய். காயிலின் உட்கம்பியோ, கிராங்க் சென்சாரோ, இக்னிஷன் மாட்யூலோ சூட்டில் விரிந்து தொடர்பை இழக்கிறது. இங்கே பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் நின்றால் லூஸ் கனெக்‌ஷனோ, தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச்சோ காரணமாக இருக்கலாம்.

ஆக, மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது “வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “அண்ணே, பெட்ரோல் வண்டி. ராத்திரி கடல் பக்கம் நின்னுச்சு. செல்ஃப் நல்லா அடிக்குது, பிடிக்க மாட்டேங்குது. நேத்து வரைக்கும் ஒரு பிரச்னையும் இல்ல” என்று சொல்லிப் பாருங்கள். என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

மாற்றும் முன் சோதனை

நல்ல மெக்கானிக் வந்ததும் ஸ்பேனரை எடுப்பதில்லை. மீட்டரை எடுப்பார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

அடுத்தது எர்த். கடலோர வண்டிகளில் சத்தமில்லாமல் கெடுவது இதுதான். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர், போல்ட்டுக்கு அடியில் துருவேறிக் கிடக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டிப் பார்ப்பார்கள். மந்தமாக அடித்த செல்ஃப் சுறுசுறுப்பானால் நோய் எர்த்தில். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, இறுக்கினால் வேலை முடிந்தது. உப்பு செய்த வினைக்கு உப்புத்தாளே மருந்து!

2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களில், ஸ்கேனரை மாட்டினால் எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று காட்டும். ‘பி0302’ என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அப்போதும் உடனே புது காயில் வாங்க வேண்டாம். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே நகர்ந்து ‘பி0303’ என்று வந்தால் காயில் குற்றவாளி. நகராமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே பேசும். இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். கரிபோல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. அங்கே பிளக்கை மாற்றுவது தலைவலிக்குத் தைலம் தடவுவது மாதிரிதான்.

பிளக்கைக் கையில் பிடித்து, ‘கரண்ட் அடிக்குதா’ என்று பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட், பக்கத்தில் பெட்ரோல் ஆவி. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கமே நெருங்கக் கூடாது. பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் இருக்கிறது.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்...

சோதித்து உறுதியான பிறகு பாகத்தை மாற்றுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸ் கடைசி.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் ஒரு பிளக்கின் விலையில் முடிகிற வேலை பெரிய செலவாகிவிடும். புது பிளக்கை முதலில் கையாலேயே திருகி உட்கார வைத்து, பிறகு கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பிளக்கின் எண்ணும் இடைவெளியும் வண்டியின் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ‘பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு’ என்பது அளவுகோல் இல்லை.

கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும். சென்சாரின் மெல்லிய பின்களில் உப்புத்தாள் போடக் கூடாது. பூச்சு போய்விட்டால் இன்னும் சீக்கிரம் அரிக்கும். பேட்டரி டெர்மினலை சமையல் சோடா கலந்த தண்ணீரால் துலக்கி, நல்ல தண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடும் வண்டியில் ‘செக் இன்ஜின்’ விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ‘ஊர் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கொதிக்க வைத்துவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

ஒரு சின்ன சுவிட்ச், 124 உயிர்கள்

இக்னிஷன் கோளாறு வெறும் ‘ஸ்டார்ட்டிங் ட்ரபிள்’ மட்டும் அல்ல. 2014-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இக்னிஷன் சுவிட்ச். குலுங்கலிலோ, கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ சாவி தானாக நழுவி, ஓடும் காரின் இன்ஜின் நின்றுவிடும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. அந்தக் கோளாறால் 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது.

இது வெளியே வந்த விதம்தான் முக்கியம். ஒரு விபத்து வழக்கில், விபத்துக்குள்ளான காரின் சுவிட்ச்சையும், கடையில் வாங்கிய புது சுவிட்ச்சையும் ஒரு பொறியாளர் அருகருகே வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ஒரு சின்னப் பாகம் மாற்றப்பட்டிருந்தது. ஆனால், பாகத்தின் எண் பழைய எண்ணாகவே இருந்தது!

நம் வீட்டு சாவிக்கொத்துக்கும் இதில் பாடம் உண்டு. கார் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, நேர்ச்சைக்கு வாங்கிய உலோக வளையம் எல்லாவற்றையும் தொங்கவிடாதீர்கள்.

ஏர்வாடி அறிந்த வலி

‘சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்’ என்ற சொல்லுக்கு ஏர்வாடியில் எடை அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இங்கிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. மனநலம் பாதித்தவர்களை எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இன்று துஆவோடு மருந்தும் இங்கே கிடைக்கிறது. தர்காவுக்கு வருபவர்களை அரசு மனநல மருத்துவர்கள் பரிசோதித்து, சிகிச்சை தருகிறார்கள். பிரார்த்தனையை விட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. என்ன நோய் என்று பார்க்காமலே முடிவு கட்ட வேண்டாம் என்பது மட்டும்தான்.

மனிதரும் வண்டியும் ஒன்றல்ல. ஆனால், இந்த ஊருக்கு வரும் பல வண்டிகளில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துவிட முடியாது. வண்டி நின்றால் முதலில் அவரை நிழலில் உட்கார வையுங்கள். தண்ணீரும் மாத்திரையும் பெட்டியின் அடியில் அல்லாமல் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். வழக்கமான மருந்தைத் தவறவிடாதீர்கள். உடல்நிலை மோசமானால் வண்டி சரியாகும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

கிளம்பும் முன்... திரும்பிய பின்

கடற்கரைப் பயணத்துக்கு முன் பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட், பிளக் ஆகியவற்றை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ்கள், ஜம்பர் கேபிள், டார்ச், உலர்ந்த பருத்தித் துணி வண்டியில் இருக்கட்டும். முடிந்தால், இரவில் கடலைப் பார்த்து நிறுத்தாமல் ஒரு கட்டடத்தின் மறைவில் நிறுத்துங்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் காற்று இந்தத் தெற்குக் கரையில் வேகமாக ஏறும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆனால், பானெட்டுக்குள் பிரஷர் பம்ப் அடிக்காதீர்கள். அது உப்பைத் துரத்துவதற்குப் பதிலாகக் கனெக்டருக்குள் தள்ளிவிடும்.

இனி, அந்த ஆம்னிக்கு வருவோம். மெக்கானிக் வருகிறார். எங்கே நின்றது என்று கேட்கிறார். முன் சீட்டைத் தூக்குகிறார். ஆம்னியின் இன்ஜின் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. டெல்கோ மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டுகிறார். உள்ளே பனித்துளிபோல ஈரம், ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு. விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். இல்லை. உலர்ந்த துணியால் துடைத்து, முனைகளைச் சுத்தம் செய்து, பிளக் வயர்களையும் துடைத்து மாட்டுகிறார்.

“இப்பச் சாவியத் திருப்புங்கண்ணே.”

வண்டி பிடிக்கிறது. காயில் வாங்க ராமநாதபுரம் போகத் தயாராக நின்றவர், பைக் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். அம்மா தம்பியின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார். மதிய மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.